ஆடற தசரதன்

தசரதன்: பைய இப்பிடிக் கீழ வைடா பாண்டி. கோயம்பேடு பஸ்ஸு வர இன்னும் முக்கா மணி நேரம் கீது. மடியில வச்சிகினா சீக்கிரம் வந்துடுமா?

இசக்கிபாண்டி: இருக்கட்டும் மாப்ள. கனமா ஒண்ணும் இல்ல. நாலு சட்டை, ஒரு போர்வை, ஒரு டிபன் பாக்ஸ். ஏழு வருசத்துக்கு இவ்வளவுதான் சேந்துருக்கு.

தசரதன்: ஏழு வருஷமா ஆயிடுச்சி?

இசக்கிபாண்டி: தொண்ணூத்தெட்டு சித்திரையில வந்தேன். இப்பம் ரெண்டாயிரத்தி அஞ்சு. நீயே எண்ணிக்க.

தசரதன்: வள்ளியூர்ல டயர் கடையில குந்திகினு இன்னாடா பண்ணப்போற நீ?

இசக்கிபாண்டி: பஞ்சர் ஒட்டுவேன். அத்தான் கடைதான, மரியாதையா வச்சிருப்பாரு. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் கம்பெனி கேட்டு வாசல்ல வெயில்ல நிக்க வேண்டாம் பாரு.

தசரதன்: பாண்டி... உங்கிட்ட ஒன்னு சொல்லணும். இன்னிக்கி சொல்லலன்னா அப்பறம் எப்பவும் சொல்ல மாட்டேன்.

இசக்கிபாண்டி: சொல்லலாம், சொல்லலாம். மொதல்ல டீயச் சொல்லு. தொண்ட காயுது.

சரோஜா: அட, ரெண்டு தசரதனும் சேந்தாப்புல வந்துகிறீங்க. ஆடற தசரதனுக்கு சக்கர கம்மி, நிக்கற தசரதனுக்கு ஜாஸ்தி. சரிதானே?

இசக்கிபாண்டி: சரோஜாக்கா, நான் ஊரோட போறேன். இன்னைக்காவது எம் பேரச் சொல்லிக் கூப்பிடப்படாதா?

சரோஜா: உன் பேரு இன்னாது... இசக்கி. வாயில வரமாட்டேங்குதுபா. நாலு வருஷம் டீக்கடய மூடிட்டு வந்து கிரவுண்டுல கத்தன பேரு தசரதன். இப்ப மாத்துன்னா நாக்கு மாறுமா?

தசரதன்: அக்கா, டீயப் போடு. நாங்க கொஞ்சம் பேசணும்.

சரோஜா: பேசுங்க, நான் இன்னா உங்க வாயையா பொத்திகினு கீறேன். ஆனா ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா எனக்கு. எங்கள மாதிரி நாலு பேருக்குத் தெரியும் நீ தசரதன் இல்லன்னு. கம்பெனிக்காரங்களுக்கு மட்டும் எப்பிடிபா தெரியாமப் போச்சி? யாரு குடுத்த யோசன இது?

இசக்கிபாண்டி: நல்லாக் கேட்டீங்க. இவன்தான். வேற யாரு?

தசரதன்: நானா? நீதாண்டா வந்து கார்டக் குடு கார்டக் குடுன்னு கெஞ்சின.

இசக்கிபாண்டி: பாத்தீங்களாக்கா, பொய்யி. நான் சொல்லுதேன் கேளுங்க. தொண்ணூத்தொம்பதுல கம்பெனிங்களுக்குள்ள கபடிப் போட்டி வச்சாம்லா. பர்மனன்ட் ஆளு மட்டுந்தான் ஆடணும், கழுத்துல கார்டு தொங்கணும்னு ரூலு. நான் காண்ட்ராக்ட். எனக்குக் கார்டு வேற கலரு. இவன் பர்மனன்ட். ஆனா இவனுக்கு முட்டி போச்சு.

தசரதன்: வாலாஜாபாத்ல மாட்டுப் பொங்கல் மேட்ச்சு. ஜவ்வு கிழிஞ்சது. கட்டுக்கட்டறவரு தடவிப் பாத்துட்டு, இனிமே கல்யாணத்துல பந்தியில குந்தறதே கஷ்டம்னாரு.

சரோஜா: அய்ய, அதுக்கு முன்னாடி இவன் ஆடுவான்பா. நான் பாத்துகிறேன். நடுக்கோட்டுல கால வச்சா எதிர்ல கீறவன் பின்னாடியே போவான்.

இசக்கிபாண்டி: ஆமாக்கா. நான் வந்த புதுசுல இவன் ஆட்டத்தப் பாத்துட்டுத்தான் இவங்கூடப் பழகுனதே. அப்புறம் முட்டி போச்சு. ரூம் வாசல்ல வந்து நின்னான். கழுத்துல இருந்த கார்டக் கழட்டி எங் கழுத்துல மாட்டிட்டு, நாளைக்கு நீதான் தசரதன், மீசைய எடுத்துருன்னான். போட்டோவுல இவனுக்கு மீச கெடையாது.

தசரதன்: விபூதியும் பூசிகினு வந்தான்கா. போட்டோவுல நான் விபூதி வச்சிருந்தேன். இவன் நெத்தி முழுக்க அப்பிகினு சாமியாரு மாதிரி வந்து நிக்கறான். ரெஃபரி கார்டப் பாக்கறான், மூஞ்சப் பாக்கறான்... விபூதியப் பாத்துட்டு சரின்ட்டான்.

சரோஜா: பேச்சு? நீ வாயத் தொறந்தா திருநவேலின்னு கொழந்த கூட சொல்லும்.

இசக்கிபாண்டி: வாயத் தொறக்கப்படாதுன்னுதான் இவன் சத்தியம் வாங்குனான். ரெண்டு மேட்ச் ஊமையாத்தான் ஆடுனேன். பைனல்ல ஒருத்தன் கணுக்கால எட்டிப் பிடிச்சுட்டேன். அவன் என்னையும் இழுத்துக்கிட்டுக் கோட்டுக்குப் போறான். அந்த நேரத்துல ஊமையா இருக்க முடியுமா? 'ஏல விட்றாதல, அமுக்குல'ன்னு கத்திட்டேன்.

தசரதன்: கிரவுண்டே திரும்பிப் பாக்குது. எதிர் டீம் மேனேஜர் எழுந்துட்டான். உள்ளூர் பையன்னு எழுதிக் குடுத்தீங்க, இவன் தெக்கத்தி ஆளாச்சேன்னான். கயித்துக்கு வெளிய நின்னுகினு இருந்தவன் ஓடிப்போயி, சார், அவங்க அம்மா திருநவேலி சார்னேன்.

சரோஜா: உங்க அம்மாவா? பாஞ்சாலியா? அது வாலாஜாபாத்தத் தாண்டனதே இல்லியே.

இசக்கிபாண்டி: அந்த மேனேஜரு லேசுப்பட்ட ஆளில்லக்கா. மறுநாளு இவன் வீட்டுக்கே போயி விசாரிச்சுட்டான். பாஞ்சாலியம்மா அசரல. ஆமா, நான் அந்தப் பக்கந்தான், கல்யாணம் ஆகி வந்து முப்பது வருசமாச்சுன்னுட்டாங்க. அப்புறம் இவன வெளக்கமாத்தால அடிச்சது வேற கத.

தசரதன்: என்ன அடிச்சாங்க. இவனுக்கு மட்டும் கறிக்கொழம்பு ஊத்தனாங்க.

சரோஜா: சிரிச்சி சிரிச்சி பால் பொங்கிடப் போவுது. இந்தா, குடிங்க. லாரிக்காரங்க வேற நாலு பேரு வந்து குந்திகினானுங்க, நான் போறேன். போம்போது சொல்லிட்டுப் போபா... தசரதா.

இசக்கிபாண்டி: பாத்தியா, திரும்பியும் தசரதன். இது தேறாது.

தசரதன்: பாண்டி, இப்பயாவது நான் சொல்றத...

இசக்கிபாண்டி: இரு இரு. அந்தச் சத்தத்தக் கேளு. ரேஸ்தான இது?

தசரதன்: ஆமா. இன்னிக்கி டிராக்குல பைக் ரேஸு. காத்தாலருந்து ஓடிகினு கீது.

இசக்கிபாண்டி: இந்தச் சத்தத்த மொதல்ல கேக்கையில ஏதோ கம்பெனியில மிஷின் ஒடஞ்சு போச்சுன்னுல்லா நெனச்சேன். ஞாயித்துக்கெழம மட்டும் ஒடையுதேன்னு யோசிச்சேன்.

தசரதன்: அங்கயும் நம்ம போனோமே. கொடி காட்டறதுக்கு ஆள் வேணும்னு எங்க ஊர்ப் பசங்களக் கூப்ட்டாங்க. தொப்பி, சாப்பாட்டுப் பொட்டலம்.

இசக்கிபாண்டி: அதுலயும் ஒம் பேருதான் எழுதுன. எனக்குத் தெரியாமலே எழுதிட்ட.

தசரதன்: பழக்கம்டா. கை தானா எழுதிடுச்சி.

இசக்கிபாண்டி: மஞ்சக் கொடியக் கையில குடுத்து, எவனாவது விழுந்தா ஆட்டுன்னாங்க. காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் எவனும் விழல. எனக்குக் கையி ஊறுது. கடைசியில வெறும் ரோட்டப் பாத்து ஒரு ஆட்டு ஆட்டுனேன் பாரு.

தசரதன்: அப்பறம் நம்மள அந்தப் பக்கமே வுடல.

இசக்கிபாண்டி: நல்ல காலம்டா அது. வார லீவு ஒண்ணு கெடச்சாப் போதும், மெட்ராசுதான். மத்தவன்லாம் சினிமாவுக்குப் போவான், நம்ம எங்க எவன் எத ஆடுதான்னு தேடிப் போவோம். எழும்பூர்ல ஹாக்கி பாத்தது நெனப்பிருக்கா?

தசரதன்: மறப்பேனா? தரைக்குத் தண்ணி ஊத்தி ஆடறானுங்க, எங்க ஊர்ல நாத்து நடத்தான் இப்பிடி ஊத்துவோம்னு நான் சொன்னேன். பக்கத்துல ஒரு பெரியவரு என்ன மொறைச்சாரு.

இசக்கிபாண்டி: நுங்கம்பாக்கத்துல டென்னிசு?

தசரதன்: கேன்டீனுக்கு சாமான் போடறவன் ரெண்டு பாஸ் குடுத்தான். அங்க உன்ன இட்டுகினு போனது என் தப்பு.

இசக்கிபாண்டி: நான் என்ன செஞ்சேன்? வெள்ளக்காரன் பந்தத் தூக்கிப் போட்டு அடிக்கப் போறான், கூட்டமே செத்த வீடு மாதிரி உக்காந்துருக்கு. மனசு கேக்கல. 'அடி மக்கா'ன்னு ஒரு சவுண்டு விட்டேன்.

தசரதன்: அவன் அடிக்கறத நிறுத்திட்டு நிமிந்து பாத்தான். மைக்குல ஒருத்தன் தயவுசெஞ்சி அமைதின்றான். எனக்கு சேருக்கு அடியில பூந்துக்கலாம் போல ஆயிடுச்சி.

இசக்கிபாண்டி: அந்த வெள்ளக்காரன் என்னப் பாத்துச் சிரிச்சான். நீ அதச் சொல்ல மாட்ட.

தசரதன்: சிரிச்சான். அது நெசந்தான்.

இசக்கிபாண்டி: ராயபுரத்துல லாரிக் கயித்தக் கட்டி தெருவுல குத்துச்சண்ட வச்சாங்க. கடக்கரையில ஒரே மணலுல நாப்பது கிரிக்கெட்டு. எவன் பந்து எவன் கைக்குப் போவுதுன்னு தெரியாது. ஆனா எவனும் சண்ட போடல. சேப்பாக்கத்துல டெஸ்ட்டு மேட்ச்சுக்கு டிக்கெட்டு கெடைக்கல, வெளிய செவுத்துல சாஞ்சுக்கிட்டு நின்னோம்.

தசரதன்: நீ சத்தத்த வச்சே ஸ்கோர் சொல்லிகினு வந்த. இது நாலு, இது அவுட்டு, இது கேட்ச் வுட்டுட்டான்னு.

இசக்கிபாண்டி: ஒண்ணுகூடத் தப்பல.

தசரதன்: ஒன்னு தப்பு. அவுட்டுன்னு சொன்ன, அது தண்ணி குடிக்க விட்டது.

இசக்கிபாண்டி: அது ஒண்ணு. ... ஆட்டத்த விட அந்தச் சத்தம்தான் மாப்ள எனக்குப் புடிக்கும். ஊருக்குப் போனா அதுதான் இருக்காது.

தசரதன்: எனக்கும் அந்தச் சத்தந்தான்டா பிரச்சன. அத்தத்தான் சொல்ல வர்றேன். சொல்ல வுடு.

இசக்கிபாண்டி: டீ ஆறுது பாரு.

தசரதன்: ஆறட்டும். கவிப்பிரியா சொல்லிட்டா. இத்த அந்தண்ணங்கிட்ட சொல்லாம அவர பஸ் ஏத்திட்டு வந்தா நான் உங்கூட பேசமாட்டேன்னுட்டா. போன வாரம் வூடு மாத்தனோம் இல்ல, அப்ப அவ கையில கெடச்சிடுச்சி.

இசக்கிபாண்டி: புருசன் பொண்டாட்டி சண்டைய பஸ் ஸ்டாப்புக்கு ஏன் கொண்டு வார? அவ நல்ல பிள்ள. பேசுவா.

தசரதன்: பாண்டி. ரெண்டாயிரத்தி ஒன்னு பொங்கல் டோர்னமென்ட்டு. பைனலு.

இசக்கிபாண்டி: ஜெயிச்சோம். கப்பு பெருசா இருந்துச்சு, உள்ள ஓட்ட.

தசரதன்: அதுல்ல. ஆட்டம் முடிஞ்சி பரசுராமன் சார் வந்தாரே. வெள்ளத் தொப்பி. மெட்ராஸ்ல பெரிய ஆபீஸு, அவங்க கபடி டீமுக்கு ஆள் எடுக்கறவரு. உன் தோள்ல கைய வச்சிட்டு, நீ இங்க இருக்க வேண்டிய ஆளு இல்லப்பா, ட்ரையலுக்கு லெட்டர் போடறேன், வந்துட்டா வேல கன்ஃபார்ம்னாரு. பேரு விலாசம் கேட்டாரு.

இசக்கிபாண்டி: கேட்டாரு. சுத்தி டோர்னமென்ட் கமிட்டிக்காரன் அத்தன பேரும் நிக்கான். கழுத்துல ஒன் கார்டு தொங்குது. நான் என்னன்னு சொல்ல? தசரதன்னு சொன்னேன். ஒன் வீட்டு விலாசத்தச் சொன்னேன்.

தசரதன்: அப்பறம் தெனம் வந்து கேப்ப. லெட்டர் வந்துச்சா, லெட்டர் வந்துச்சான்னு. ஷிப்டு முடிஞ்சி சாப்டாமக்கூட வருவ.

இசக்கிபாண்டி: கேட்டேன். அதுக்கென்ன இப்பம்? மெட்ராஸ்காரன் ஆயிரம் பேருகிட்ட லெட்டர் போடுதேன்னு சொல்லுவான். போட்டுருவானா? விடு மாப்ள.

தசரதன்: வந்துச்சிடா.

இசக்கிபாண்டி: டீயக் குடி மாப்ள.

தசரதன்: வந்துச்சி. மார்ச் மாசம் மொத வாரம். நான் தர்ல. ஒளிச்சி வச்சிட்டேன். எங்க கல்யாணப் பத்திரிகை மிச்சம் இருந்த கட்டுக்குள்ள சொருவி, பரண் மேல போட்டுட்டேன். நாலு வருஷமா அங்கயே இருந்துச்சி.

இசக்கிபாண்டி: சரி, சொல்லிட்ட. போதும். வேற பேசுவோம்.

தசரதன்: வேற இன்னா பேசறது? திட்டுடா. நாலு அற அற. எதுனா சொல்லு.

இசக்கிபாண்டி: பயந்துருப்ப. எனக்குப் புரியாதா? அப்பந்தான நம்ம கம்பெனி எழிலரசன வேலைய விட்டுத் தூக்குனாங்க.

தசரதன்: ஆமா. வேற ஒருத்தன் கார்ட வாங்கி அட்டெண்டன்ஸ் பஞ்ச் பண்ணான். ஒரே ஒரு நாளு. மறுநாள் கேட்டுக்கு உள்ள வுடல. அவன் அழுதுகினு நின்னத நம்ம ரெண்டு பேருந்தான் பாத்தோம். எனக்கு இந்த வேல எப்பிடி வந்துச்சின்னு உனக்குத் தெரியும். ரெண்டேக்கரா வயலக் கம்பெனிக்குக் குடுத்துட்டு எங்கப்பா வாங்கன வேல. நீ ட்ரையலுக்குப் போயி, அங்க உண்ம வெளிய வந்துச்சின்னா...

இசக்கிபாண்டி: அதத்தான் நானும் சொல்லுதேன். பயம். யாருக்கா இருந்தாலும் வரும்.

தசரதன்: பயம்னு சொன்னா பாதிதாண்டா நெசம்.

இசக்கிபாண்டி: பாதி போதும் மாப்ள. மீதிய வச்சுக்க.

தசரதன்: வேணாம், கேளு. நீ ஆடும்போது கூட்டம் தசரதா தசரதான்னு கத்தும். நான் கயித்துக்கு வெளிய நின்னுகினு இருப்பேன். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியாது அது என் பேருன்னு. நீ மூணு பேர இழுத்துகினு கோட்டத் தொடும்போது, ரெண்டாயிரம் பேரு என் பேரச் சொல்லிக் கத்தறாங்க. எனக்கு ஒடம்பு சிலுத்துக்கும். கண்ண மூடிகினா நாந்தான் ஆடறேன். முட்டி நல்லாருக்குது எனக்கு.

இசக்கிபாண்டி: தசரதா...

தசரதன்: வார நாள்ல லைன்ல எட்டு மணி நேரம் போல்ட்டு முடுக்கறேன். சூப்பர்வைசருக்கு என் நம்பர்தான் தெரியும், பேரு தெரியாது. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் நான் தசரதன். அந்த லெட்டரக் கையில வாங்கனதும் எனக்கு மொதல்ல வந்தது வேல போயிடும்ன்ற பயம் இல்ல. நீ மெட்ராஸ் போயிட்டா இங்க என் பேர யாரு கூப்புடுவாங்கன்னுதான் தோணுச்சி. பயம் அப்பறந்தான் வந்துச்சி. அத்த நல்ல சாக்கா புடிச்சிகினேன்.

இசக்கிபாண்டி: மூக்கத் தொடச்சுக்க. லாரிக்காரன் பாக்கான்.

தசரதன்: பாக்கட்டும். உன் வாழ்க்கைய நான் ஒளிச்சி வச்சிட்டேன்டா. நீ அந்த டீமுக்குப் போயிருந்தா இந்நேரம் மெட்ராஸ்ல குவாட்டர்ஸ்ல இருந்திருப்ப. ஊர் ஊரா ரயில்ல போயி ஆடியிருப்ப. இப்ப பஞ்சர் ஒட்டப் போற. கேட்டு வாசல்ல நீ வெயில்ல நிக்கும்போதெல்லாம் நான் உள்ள போவேன். உன் மூஞ்சப் பாக்காமதான் போவேன். கவனிச்சிருக்கியா?

இசக்கிபாண்டி: ஷூ லேசு கட்டுத மாதிரி குனிஞ்சுக்கிட்டே போவ. பாத்துருக்கேன்.

தசரதன்: அத்தவிட ஒன்னு கீது. நீ லெட்டர் வந்துச்சான்னு கேக்கறத திடீர்னு நிறுத்திட்ட. வந்ததுலருந்து ஒருநாள் கூட கேக்கல. நீ கேட்டிருந்தா ஒருவேள குடுத்துருப்பேன். தெனம் நீ வருவ, இன்னிக்கி கேப்பான்னு குந்தியிருப்பேன், நீ மேட்ச்சப் பத்திப் பேசிட்டுப் போயிடுவ. வெறுத்துப் போயி வுட்டுட்டான் போலன்னு நெனச்சேன். அதுதாண்டா என்னக் கொன்னுச்சி.

இசக்கிபாண்டி: ம்.

தசரதன்: அடுத்த வருஷமும் என் பேர்லயே ஆடன. கப்ப ஜெயிச்சி எங்கிட்ட கொண்டாந்து குடுத்த. எங்கம்மா அத்த டிவி மேல வச்சிது. எனக்கு அந்த ரூமுக்குள்ள போகவே புடிக்கல.

இசக்கிபாண்டி: ஒம் பேருதான அதுல போட்டுருந்துச்சு. ஒங்கிட்டதான குடுக்கணும்.

தசரதன்: இந்தா. அந்த லெட்டரு. ஓரம் கொஞ்சம் பூச்சி அரிச்சிகீது. படிக்கலாம். இத்தக் குடுத்தா ஒன்னும் மாறாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உன் கைக்கு வரணும் இது. வாங்கிக்கோ.

இசக்கிபாண்டி: வேண்டாம் மாப்ள. உள்ள வை.

தசரதன்: வாங்குடா. ஒரு தபா படி. படிச்சிட்டு என்ன இன்னா வேணா சொல்லு.

இசக்கிபாண்டி: படிக்க வேண்டாம்.

தசரதன்: கோவமா?

இசக்கிபாண்டி: கோவம் இல்ல. கண்டிப்பா படிக்கணுமா? சரி, அப்பம் நீ அதப் பிரிச்சு வச்சுக்க. நான் சொல்லுதேன், சரியான்னு பாரு. மார்ச் பன்னெண்டு, திங்கக்கெழம. காலையில ஏழு மணி. சொந்த ஷூ கொண்டு வரணும். வயசுச் சான்றிதழ், கம்பெனி கார்டு, ரெண்டு போட்டோ. கடைசியில பச்ச மையில கையெழுத்து. அதுக்குக் கீழ கையால ஒரு வரி, 'அவசியம் வரவும் தம்பி'ன்னு.

தசரதன்: இரு, பிரிக்கறேன்... மார்ச் பன்னெண்டு... ஏழு மணி...

இசக்கிபாண்டி: சரியா?

தசரதன்: பச்ச மை... டேய். இது பரண விட்டு எறங்கனதே போன வாரந்தான். கவிப்பிரியாவத் தவிர யாரும் பாக்கல. உனக்கு எப்பிடிடா தெரியும்?

இசக்கிபாண்டி: ஒனக்கு வாரதுக்கு முந்தின நாளே அது எங்கிட்ட வந்துட்டு மாப்ள. நம்ம போஸ்ட்மேன் தாவீது அண்ணன் ஒரு மேட்ச் விடாமப் பாப்பாரு, அவருக்குத் தசரதன்னா அது நாந்தான். ரோட்டுல என்னப் பாத்ததும் சைக்கிள நிறுத்தி, தசரதா, ஒனக்கு மெட்ராஸ்ல இருந்து வந்துருக்குன்னு கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. ஆசையில பிரிச்சுட்டேன். நாலஞ்சு தடவ படிச்சேன். வயசுச் சான்றிதழ் கேட்டுருக்கான். யாருதக் கொண்டு போக? ஒன்னதக் கொண்டு போனா சாகுற மட்டும் நான் தசரதனாவே இருக்கணும். எங்கம்ம செத்தாக்கூட, எங்கம்மன்னு சொல்லி லீவு கேக்க முடியாது. உண்மையச் சொன்னா எழிலரசன் நின்ன எடத்துல நீ நிப்ப. அன்னைக்கே ஒரு தபால் கார்டு வாங்கி, எனக்கு வர விருப்பம் இல்லைன்னு எழுதி, ஒன் கையெழுத்தப் போட்டுப் பெட்டியில போட்டுட்டேன். அப்புறம் கவர ஒட்டி, மறுநாள் அவருகிட்டயே குடுத்து, வீட்டுல சேத்துருங்கண்ணேன்னேன். நீ அதத் தூக்கிக்கிட்டு ரூமுக்கு ஓடி வருவ, போடா கிறுக்கா, நான் அப்பவே வேண்டாம்னு எழுதியாச்சுன்னு சொல்லிச் சிரிக்கலாம்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். நீ வரல. மறுநாளும் வரல. ரெண்டு வருசம் ஒம்மேல சரியான கோவம் எனக்கு. அப்புறம் அது எப்பம் போச்சுன்னு தெரியல... இன்னைக்குக் கொண்டு வந்துட்டல்லா.